போறேன் என்று சொன்னவள்

ஊத்துக்காட்டுவலசில் யாரும் யாரிடமும் 'போறேன்' என்று சொல்வதில்லை. பெண் பார்க்க வந்து, பஜ்ஜியைத் தின்றுவிட்டு, பெண்ணைப் பிடிக்காமல் எழுந்து போகிற ஒரம்பரை விருந்தாளியானாலும் சரி, வரப்புத் தகராறில் வாய்க்கு வந்ததைப் பேசித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிற பங்காளியானாலும் சரி, வாசலைத் தாண்டும்போது 'வர்றேனுங்' என்றுதான் சொல்வார்கள், ஏழு பிறவிக்கும் இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று மனசுக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டே. போறேன் என்று சொன்னால் போனது போனதுதான் என்பது ஊர் நம்பிக்கை. அப்படித் திரும்பாமல் போகிறவர்கள் சுடுகாட்டுக்குப் போகிறவர்கள் மட்டுந்தான். அவர்களுங்கூட வாயைத் திறந்து சொல்லிக்கொண்டு போவதில்லை.

ஊரே இப்படி வர்றேன் வர்றேன் என்று சொல்லிக்கொண்டிருந்ததில் யாருக்கும் பெரிசாக ஒரு குறையும் வரவில்லை, ஏனென்றால் சொன்னவர்கள் யாரும் வரவில்லை. கோகிலவாணி வாக்கப்பட்டு வந்த பிறகுதான் வில்லங்கம். அவள் சொன்னால் வந்தாள்.

லாரி ஓட்டுகிற திருமூர்த்தியின் பெண்டாட்டி, ஒண்ணாம் வகுப்புப் படிக்கிற மிதுனாவின் அம்மா, நடையிலேயே பாதி ஓட்டம் கலந்தவள், சிரித்தால் ரெண்டு வீடு தள்ளிக் கட்டியிருக்கும் எருமை திரும்பிப் பார்க்கும், அப்பேர்ப்பட்ட கோகிலாவின் ஒரு நாள் எப்படி விடியும் என்றால், கோழி கூப்பிட எழுந்து வாசல் தெளித்த கையோடு பால் சொசைட்டிக்குப் போய் வரிசையில் நிற்பாள். கையில் தூக்குப்போசி இருக்காது. மாட்டை விற்று ரெண்டு வருசமாகிவிட்டது. ஆனால் கடைசியாகப் பால் ஊற்றிய அன்று, செயலாளர் பொன்னுச்சாமியிடம் வாய்ப் பழக்கத்தில் 'வர்றேனுங்ண்ணா' என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு போகாமல் இருப்பதா என்று மறுநாள் வெறுங்கையோடு போனாள், அதற்கு மறுநாளும் போனாள், அப்புறம் அவள் வராவிட்டால் வரிசையில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறது என்று மற்றவர்களே இடம்போட்டு வைக்க ஆரம்பித்தார்கள்.

அங்கிருந்து வருகிற வழியில் பிள்ளையார் கோயிலைச் சுற்றுவாள். பிள்ளை வேண்டும் என்று வேண்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. பிள்ளை பிறந்து, தவழ்ந்து, பல்லும் விழுந்து முளைக்கிறது, சுற்றும் நிற்கவில்லை, முடிவில் 'வர்றேன் சாமி' என்று கும்பிடுகிறதும் நிற்கவில்லை. நடந்துகொண்டே செல்போனில் சொந்தக்காரர்கள் குழுவுக்கு ரோஜாப்பூவும் குத்துவிளக்கும் போட்ட காலை வணக்கம் அனுப்பி, பதிலுக்கு வந்த ரோஜாப்பூக்களுக்கெல்லாம் கும்பிடு போட்டு, 'சரிங், அப்பறம் வர்றேன்' என்று பேசி அனுப்பினால்தான் அது முடியும். மத்தியானம் தையல்கார ஜெகதா வீடு. ஒருநாள் ஜாக்கெட் கொடுக்கப் போன இடத்தில் ஜெகதாவும் அவள் புருஷன் மாணிக்கராசும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, கோகிலா நடுவில் புகுந்து சிரிக்கவைத்து, வர்றேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று முதல் அவர்கள் ரெண்டு பேரும் சண்டையை எடுத்து வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார்கள். சாயங்காலம் நாத்தனார் சரசாத்தா வீட்டில் ரசம் வைக்க வேண்டும். சரசாத்தா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது ஆரம்பித்த ரசம் அது. அந்தக் கால் கூடி, பழனிக்கு நடந்துபோய் நடந்தே திரும்பியும் வந்துவிட்டது. ரசம் மட்டும் கோகிலாதான் வைத்தாள்.

இத்தனைக்கும் நடுவில் சோறாக்கி, துணி அலசி, பாத்திரம் தேய்த்து, மகளுக்குப் பின்னல் போட்டு, அவள் சொல்லுகிற பள்ளிக்கூடத்துக் கதையைப் பாதியிலேயே 'இரு சாமி, வந்தர்றேன்' என்று நிறுத்திவிட்டு ஓடுவாள். அவளுக்கென்று அவள் திருடிக்கொள்கிற நேரம் ஒன்றே ஒன்று. வாய்க்கால் மேட்டில் ரேணுகா வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு மாங்காய் தின்றபடி ஒன்றுக்கும் உதவாத பேச்சுப் பேசுவது. பார்க்கிறவர்களெல்லாம், இத்தனை சோலி இருக்கிற பொம்பளை அந்த வெட்டிப் பேச்சை விட்டால் என்ன என்றுதான் புத்தி சொன்னார்கள்.

மாசி பிறந்து வெயில் உறைக்க ஆரம்பித்தபோது கோகிலாவின் நிழல் குறைய ஆரம்பித்தது.

முதலில் ஒரு தோள். அப்புறம் கொண்டை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தால் தரையில் குடம் மட்டும் தனியாக அந்தரத்தில் போய்க்கொண்டிருந்தது. அவள் வேலைப் பராக்கில் அதைக் கவனிக்கவில்லை. ஊர் கவனித்துவிட்டது, ஏனென்றால் குறைந்த நிழலெல்லாம் ஊருக்குள்தான் கிடந்தது. அவள் எங்கெங்கே வர்றேன் என்று சொல்லிவிட்டு வந்தாளோ அங்கங்கே ஒவ்வொரு துண்டு, மழை பெய்த பிறகு பள்ளத்தில் நிற்கிற தண்ணீர் மாதிரி, அசையாமல் நின்றது. பால் சொசைட்டி வாசலில் இடது தோளும் கையும். பிள்ளையார் கோயில் பிரகாரத்தில் ரெண்டு பாதம். ஜெகதா வீட்டுத் தாழ்வாரத்தில் காதில் ஜிமிக்கி ஆடுகிற தலை. செல்போனுக்குள் ஒரு கொத்து விரல், அதனால் உச்சி வெயிலில் வைத்தாலும் அந்தப் போன் பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருக்கும். நாத்தனார் வீட்டு வாசலில்தான் பெரிய துண்டு, கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும், சேலை மடிப்போடு.

ஊத்துக்காட்டுவலசுக்காரர்கள் இதைக் கண்டு மிரண்டு போனார்கள் என்று நினைக்க வேண்டாம். பங்குனி வெயிலில் சும்மா கிடைக்கிற நிழலை யார் வேண்டாம் என்பார்கள்? பொன்னுச்சாமி பால் கேன்களை அந்தத் தோள் நிழலுக்குள் தள்ளி வைத்தார். டவுனிலிருந்து வண்டி வர நேரமானாலும் பால் திரிவதில்லை என்று பக்கத்து ஊர் சொசைட்டிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் பொறாமையோடு போனார்கள். ஜெகதா தையல் மெஷினை நகர்த்தித் தலை நிழலுக்குள் போட்டுக்கொண்டாள். பிள்ளையார் கோயில் பாதங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு நாய் படுத்தது. சரசாத்தா பாயைக் கொண்டுவந்து விரித்து மத்தியானத் தூக்கமே அந்தச் சேலை மடிப்பில்தான் தூங்கினாள், வேப்பமரத்தடிகூட இப்படிக் குளுகுளுவென்று இருக்காது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். திருமூர்த்தி நாக்பூரிலிருந்து போனில் கேட்டுவிட்டு, நெழல் போனாப் போகுது, ஆள் இருக்கியல்ல, அது போதும் என்றான்.

கோகிலாவும் அப்படித்தான் நினைத்தாள், மிதுனாவின் சில்லுமூக்கு உடைகிற வரைக்கும்.

பள்ளிக்கூட வேன் வந்து நிற்பது பெரிய ரோட்டில். ரோட்டை அகலப்படுத்தும்போது இருந்த மரத்தையெல்லாம் வெட்டிவிட்டார்கள். நட்டு வைத்த கன்றுகள் இன்னும் கம்பிக் கூண்டுக்குள் முழங்காலைத் தாண்டவில்லை. அதனால் காலையில் அம்மாக்கள் கிழக்குப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள், பிள்ளைகள் அவரவர் அம்மா நிழலுக்குள் கோழிக்குஞ்சு மாதிரி ஒண்டிக்கொள்ளும். அங்கே மகளுக்கு என்று விழ கோகிலாவிடம் ஒரு தட்டு அகலத்துக்குத்தான் நிழல் மிச்சமிருந்தது. மிதுனா அதற்குள் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றாள். எங்கிட்ட வா கண்ணு என்று மற்ற அம்மாக்கள் கூப்பிடாமல் இல்லை. எங்கம்மா நெழல்லதான் நிப்பேன் என்று அது ஒரே பிடியாகச் சொல்லிவிட்டது. ஒருநாள் அந்தத் தட்டும் கிண்ணத்தனையாகி, கிண்ணம் ஒரு வெற்றிலையாகி, வெற்றிலைக்குள் கட்டை விரலை மட்டும் வைத்துக்கொண்டு வெயிலில் நின்ற பிள்ளைக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பாகிவிட்டது.

அன்றைக்குக் கோகிலா சிரிக்கவில்லை. எருமை திரும்பிப் பார்த்துப் பார்த்து ஏமாந்தது.

நிழலைத் திருப்பிக் கொடுங்கள் என்று போய்க் கேட்டாள். கொடுக்கக்கூடாது என்று யாருக்கும் இல்லை, ஆனால் எப்படிக் கொடுப்பது? பொன்னுச்சாமி மண்வெட்டியால் சுரண்டிப் பார்த்தார், மண்தான் வந்தது. அதுவுமில்லாமல் சொசைட்டியில் ஊற்றினது ஊற்றினதுதான், திரும்பக் கேட்டால் எந்தக் கேனிலிருந்து எடுப்பது என்று அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்த தேங்காய் யாருக்குச் சொந்தமோ அவருக்குத்தான் விழுந்த நிழலும் சொந்தம் என்று ஒரு கட்சி. தேங்காய்க்கு மரம் அழாது, இது பிள்ளை விஷயம் என்று இன்னொரு கட்சி. ஜெகதா பாவம், மனசு கேட்காமல் கறுப்பு லைனிங் துணியில் கோகிலாவின் அளவுக்கு ஒரு நிழலைத் தைத்தே கொண்டுவந்துவிட்டாள். அதைத் தரையில் விரித்தார்கள். வெயிலில் கொதித்ததுதான் மிச்சம்.

மனசு விட்டுப்போய்க் கோகிலா ரேணுகா வீட்டுக் கொல்லையில் போய் உட்கார்ந்தாள். ரேணுகா மாங்காயைக் கல்லில் உடைத்து ஒரு துண்டை அவள் கையில் வைத்துவிட்டு, தன் மாமனார் டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் வம்பு வாங்கிய கதையை ஆரம்பித்தாள். கதை பாதியில் நிற்கக் குக்கர் கூவியது. ரேணுகா எழுந்து உள்ளே போனாள், கோகிலாவும் எழுந்து தன் வழியில் நடந்தாள். அவர்கள் ரெண்டு பேருக்குள் எப்போதும் அப்படித்தான், பேச்சு எங்கே அறுந்ததோ அங்கேயே மறுநாள் எடுத்துக் கட்டிக்கொள்வார்கள்.

வாய்க்கால் பாலத்தில் நின்று குனிந்து பார்த்தாள். வெற்றிலை அளவு நிழல் வெற்றிலை அளவாகவே இருந்தது. பால் சொசைட்டிக்குப் போய் வந்தால் ஒரு நரம்பாவது குறையும், நாத்தனார் வீட்டுக்குப் போய் வந்தால் ஓரமெல்லாம் கருகும், இங்கே மட்டும் போனது போனபடி திரும்பியிருந்தது. இத்தனை வருசத்தில் இந்தக் கொல்லையில் ஒருநாள்கூடத் தான் சொல்லிக்கொண்டு கிளம்பியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திரும்பி ஓடி வந்து மூச்சு வாங்கச் சொன்னாள். ரேணுகா கரண்டியும் கையுமாக நின்று முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, "வர்றேன்னு சொல்லி வெச்சதை, போறேன்னு சொல்லி எடுத்துக்கோடி" என்றாள். சொன்ன பிறகு ரெண்டு பேருமே வாயைப் பொத்திக்கொண்டார்கள், ஏனென்றால் அந்தச் சொல்லை அந்த ஊரில் யாரும் அவ்வளவு சத்தமாகச் சொல்லிக் கேட்டதில்லை.

மறுநாள் விடியக்காலையில் கோகிலா பால் சொசைட்டிக்குப் போனாள். வரிசையில் தன் இடத்தில் நின்றாள், முறை வந்ததும் பொன்னுச்சாமி முன்னால் போனாள், நாக்கு அண்ணத்தில் புளியங்கொட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. மகளுடைய சட்டை கொடியில் துவைத்தும் போகாத கறையோடு தொங்குவதை நினைத்தாள். நாக்கு பிரிந்தது.

"எங்க வீட்ல மாடு இல்லீங்ண்ணா. நான் போறேனுங்."

வரிசையில் யாரோ ஒருத்தி சிவசிவா என்று முணுமுணுத்தாள். பால் கேன்களுக்கு அடியிலிருந்து ஒரு தோளும் கையும் மெல்ல உருவிக்கொண்டு கிளம்பி, அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி தாயிடம் ஓடுகிற மாதிரி மண்ணில் துள்ளி வந்து கோகிலாவின் காலடியில் ஒட்டிக்கொண்டது. கையை வீசிப் பார்த்தாள். நிழலும் வீசியது. பொன்னுச்சாமி கேன்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார், அப்புறம் வரிசையில் அவள் நின்ற இடத்தைப் பார்த்தார். அடுத்தவர் ஒரு எட்டு முன்னால் வைத்தார், ஓட்டை அடைபட்டுவிட்டது. அவ்வளவு சுலபமாக அடைபட்டுவிட்டதில் கோகிலாவுக்குச் சித்த நேரம் வருத்தமாகக்கூட இருந்தது.

பிள்ளையாரிடம் இன்னும் தயங்கினாள். சாமியிடம் போறேன் என்று சொல்லலாமா? கன்னத்தில் போட்டுக்கொண்டு, குடுத்த பிள்ளையைப் பார்க்க வேண்டும் சாமி, போறேன் என்று மெதுவாகச் சொன்னாள். மற்ற எல்லோரையும்விட அவர்தான் சீக்கிரம் விட்டார், சொல்லி வாய் மூடுவதற்குள் ரெண்டு பாதமும் வந்துவிட்டன. அவருக்கும் நெடுநாளாக வேறு சோலி இருந்திருக்கும். நாய்கள்தான் எழுந்து நின்று குரைத்தன. செல்போனில் குழுவுக்கு, நல்லாருங்க எல்லாரும், நான் போறேன் என்று பேசி அனுப்ப, விரல்கள் சில்லென்று கையில் வந்து சேர்ந்தன, போன் அன்றைக்குத்தான் எல்லோர் போனையும் போலச் சுட்டது. அவள் ரோஜாப்பூ இல்லாமலும் சொந்தக்காரர்களுக்குப் பொழுது விடிந்தது. ஜெகதாவும் மாணிக்கராசும் சண்டையைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோகிலா நின்ற வாக்கிலேயே போறேன் என்றதும், நீ போனா நாங்க யாரை வெச்சுச் சண்டை போடறது என்று மாணிக்கராசு கேட்க, அதென்ன கேள்வி, நானில்லையா என்று ஜெகதா கேட்க, ரெண்டு பேருக்கும் ஒன்றாகச் சிரிப்பு வந்துவிட்டது. ஜிமிக்கித் தலை சிரித்துக்கொண்டே தாழ்வாரத்தை விட்டு இறங்கி வந்தது.

ஊரில் பெண்களெல்லாம் அன்று ரகசியமாகக் குனிந்து தங்கள் நிழலைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்குக் குதிகால் இல்லை. ஒருத்திக்கு முழங்கையில் எலி கடித்த மாதிரி ஒரு குறை. யாரிடம் விட்டு வந்தோம் என்று அவரவர் யோசித்துக்கொண்டே சோலியைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் நாத்தனார் வீடு. சரசாத்தாவுக்கு அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. பாயை விரித்து, நிழலின் மேல் ஒருக்களித்துப் படுத்து, போதாதற்கு ஒரு காலையும் அகட்டிப் போட்டிருந்தாள். அந்தச் சொல்லை இந்த வாசலில் சொன்னால் உறவே அத்துப்போகும், அப்புறம் நல்லது கெட்டதுக்குக்கூட எட்டிப் பார்க்கமாட்டேன் என்று அவள் சொல்லியனுப்பியிருந்தது கோகிலாவுக்கும் தெரியும். கோகிலா நேராக உள்ளே போய் ரசத்தை வைத்து, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, மூடி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"நங்கையா, நான் போறேனுங்."

சரசாத்தா கண்ணைத் திறக்கவில்லை.

"நோம்பிக்கு வருவேன். தீபாவளிக்கு வருவேன். உங்களுக்கு மேலுக்கு முடியலீன்னா நீங்க கூப்படறதுக்கு முன்னால வந்து நிப்பேன். ரசம் வெக்க வரமாட்டேனுங்."

பாய்க்கு அடியில் நிழல் புரண்டது, முதுகில் மாட்டிக்கொண்ட சேலைத் தலைப்பு மாதிரி இழுத்துப் பார்த்தது, வர முடியவில்லை. சரசாத்தா கனத்த உடம்புக்காரி.

"எனக்குன்னா நீங்களே வெச்சுக்கங்கன்னு உட்டுருவேன்" என்றாள் கோகிலா. "மிதுனா அதுக்குள்ளதான் நிப்பேங்கறா. வேற ஆரு நெழலுக்கும் போகமாட்டேங்கறா. நாளைக்குக் காலையில எட்டரைக்கெல்லாம் அவளுக்கு அது வேணும்."

சரசாத்தா அகட்டிப் போட்டிருந்த காலை எடுத்தாள். அப்புறம் கையை ஊன்றி எழுந்தாள், பாயை உதறிச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். நிழல் எழுந்து வந்து கோகிலாவின் காலடியில் கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவில் பொருந்திக்கொண்டது, அவள் நிமிர்ந்தாள், அப்போதுதான் தான் இத்தனை நாள் கூனியே நடந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத" என்றாள் சரசாத்தா. "மூணு வருசமா உன்ற ரசத்துல புளி தூக்கலு."

"ஏனுங், அதை அன்னைக்கே சொல்றதுக்கென்னங்?"

"எப்படிச் சொல்றது? நீ சொன்ன சொல்லு தவறாம வந்துக்கிட்டே இருந்தே. வர்றவளை வேண்டாம்னா நல்லாவா இருக்கும்? நெஞ்சைக் கரிச்சாலும் குடிச்சுத் தொலைச்சேன்."

கோகிலா அவளையே பார்த்தாள். அடுப்பு மேல் இருந்த ரசத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் ஊரெல்லையில் மேய்ந்துகொண்டிருந்த எருமைகூடத் தலையைத் தூக்கியது. சரசாத்தாவும் பாயைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள், உறவு அத்துப்போன மாதிரி ரெண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மறுநாள் காலையில் பெரிய ரோட்டில் கோகிலா வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றபோது, நிழல் அவளுடைய உசரத்துக்கு ரெண்டு மடங்காக, ஒரு கிழிசல் இல்லாமல், ரோட்டோரத்தில் நீட்டிப் படுத்தது. குனிந்தால் தோள் பக்கம் பால் வாசமும், தலைப் பக்கம் மெஷின் எண்ணெய் வாசமும், பாதத்தில் கற்பூரமும், நடுவயிற்றில் லேசாகப் புளியும் மணத்தது. மிதுனா அதற்குள் போய் ரெண்டு காலையும் நீட்டி உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தாள். அப்புறம் முந்தாநாள், அதற்கு முந்தாநாள், போன வாரம் என்று பாதிப் பாதியாக நின்றுபோன பள்ளிக்கூடத்துக் கதைகளையெல்லாம் ஒவ்வொன்றாக முடிக்க ஆரம்பித்தாள், கோகிலா எங்கேயும் ஓடாமல் நின்று கேட்டாள். டீச்சரின் மூக்குக்கண்ணாடி மேல் ஓணான் ஏறிய கதை இவ்வளவு நன்றாக முடியும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்துப் பிள்ளைகளும் கதை கேட்க நகர்ந்து நகர்ந்து அந்த நிழலுக்குள் வந்துவிட்டார்கள், இன்னும் நாலு பேருக்கு இடமிருந்தது.

வேன் வந்தது. மிதுனா பையை மாட்டிக்கொண்டு படியில் ஏறினாள், ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"அம்மா, போறேன்."

வரிசையில் நின்ற அம்மாக்கள் அத்தனை பேரும் நெஞ்சில் கை வைத்தார்கள். கோகிலாவின் கையும் நெஞ்சுக்குப் போனது. சொன்னவள் அவள்தான், ஊருக்கே சொல்லிக் காட்டியவளும் அவள்தான், ஆனால் பெற்ற பிள்ளை வாயிலிருந்து கேட்பது வேறு. வாய் திறந்து திருத்தப் போனவள் தரையைப் பார்த்தாள். மகளுடைய குட்டி நிழல், ரெட்டைப் பின்னலும் பையும் பாட்டிலுமாக, ஒரு முடியும் சிந்தாமல் படி மேல் ஏறி அவளோடு உள்ளே போய்க்கொண்டிருந்தது. ரோட்டில் ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லை.

கோகிலா கையை நெஞ்சிலிருந்து எடுத்தாள். அந்த ஊரில் எந்த அம்மாவும் எந்தப் பிள்ளையிடமும் அதுவரை சொல்லியிராத சொல்லை, மற்றவர்கள் காதிலும் விழட்டும் என்று நன்றாகவே சொன்னாள்.

"போ, சாமி."